வேலையிடத்தில் ஓர் ஆசனம்

சென்னையிலிருந்து வடக்கே ஜி.என்.டி. சாலை வழியாகச் செங்குன்றத்தின் அரிசி ஆலைகளைக் கடந்து, காரனோடையில் கொசஸ்தலையாற்றுப் பாலத்தைத் தாண்டி, பஞ்செட்டிக்கு அப்பால் சென்றால், பெரியபாளையத்துச் சாலை வந்து இதே நெடுஞ்சாலையோடு கூடும் முனையில் புதுவாயல் இருக்கிறது. ஆடி மாதத்தில் பெரியபாளையத்துப் பவானி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர்க்குத் திரும்புமுனையாகவும், சுற்றுப்புறத்து நெல்வயல்களுக்குக் கடைத்தெருவாகவும் விளங்கிய இவ்வூர், தமிழ்நாடு அரசு 1971-ஆம் ஆண்டில் சிப்காட் நிறுவனத்தை ஏற்படுத்தி, அதன் தொழில் வளாகங்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் எழுந்தபின், விடியுமுன் ஷிஃப்டு வேனுக்காகத் தொழிலாளர் காத்து நிற்கும் ஊராகவும் ஆயிற்று. உருக்காலைகளும் ரோலிங் மில்களும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் இப்பகுதியில் பெருகிய விதத்தை முதலீட்டுக் கணக்குகளிலிருந்து அறியலாம். அவற்றில் உழைத்த முழங்கால்களும் மணிக்கட்டுகளும் விரற்கணுக்களும் பட்ட பாட்டையோ எந்தக் கணக்குப் புத்தகத்திலும் காண முடிவதில்லை. ஆயினும் அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது புதுவாயலுக்கு வெகு தூரத்தில் தொடங்குகிறது.

இத்தாலியில் பெர்னார்தினோ ரமாஸ்ஸினி என்னும் வைத்தியப் பேராசிரியர் 1700-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில்நோய் நூலில், நெசவாளர், ரொட்டி சுடுவோர், நாள் முழுதும் நிற்போர், நாள் முழுதும் குந்தியிருப்போர் என்று ஒவ்வொரு வர்க்கத்தாரின் உபாதையையும் தனித்தனியே விவரித்ததோடு, நோயாளியிடம் அவன் செய்யும் தொழில் யாது என்று வைத்தியன் அவசியம் கேட்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார். இரண்டரை நூற்றாண்டுக்குப் பின், நிலக்கரிச் சுரங்கங்களும் பஞ்சாலைகளும் நிறைந்த இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் தொழிலாளரின் மூட்டுகளை முறையாக ஆராய்ந்தனர். 1957-இல் அவர்கள் வகுத்த எக்ஸ்ரே அளவுகோலைக் கொண்டே இன்றும் சென்னையில் ஒரு முழங்காலின் தேய்மானம் எந்த நிலையில் இருக்கிறது என்று நிர்ணயிக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கம்பளி ஆலையில் நெடுங்காலம் ஒரே வேலையைச் செய்துவந்த பெண்களின் கைகளை ஹாட்லர் என்பவர் பரிசோதித்து 1978-இல் எழுதிய ஆய்வு இன்னும் துலாம்பரமானது: நுனிவிரலால் துணியின் முடிச்சுகளைக் கிள்ளி எடுத்தவர்களுக்கு விரல் மூட்டுகளும், நூல் சுற்றியவர்களுக்கு மணிக்கட்டும் அதிகமாகப் பழுதுபட்டிருந்தன. வேலை எந்த மூட்டைக் கேட்டதோ அந்த மூட்டே தேய்ந்தது.

நம் நாட்டில் தொழிலாளியின் உடல் படும் பாடு ஓய்வு நேரக் கோரிக்கையின் வடிவத்தில் எழுந்தது. 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றி, வாடியாவும் திரு.வி.க.வும் அதன் தலைமையில் நின்றபோது, பின்னி கம்பெனியாரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் முன்வைத்த முதற் குறைகளுள் ஒன்று, நடுப்பகல் இடைவேளை அரை மணி நேரமாக இருப்பது உண்ணவும் இளைப்பாறவும் போதவில்லை என்பதாகும். அதே கம்பெனியார் பள்ளியும் மருந்தகமும் நடத்தி வந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். கருணை ஒருபுறமிருக்க, தறியில் கை தேர்ந்தவனை இழந்தால் அவனிடத்தில் இன்னொருவனைப் பழக்க நெடுநாளாகும் என்பதும், தகப்பனுக்குப் பின் மகனும் அதே வாயிலில் வேலைக்கு வருவான் என்பதும் அம்முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தன. தொழிலாளி நிலைத்து நிற்கும் இடத்தில் அவனுடைய சரீரத்தைப் பேணும் செலவு முதலாளிக்கே லாபமாகத் திரும்புகிறது.

சுதந்திரம் வந்தபின் 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்றே வேலை செய்ய நேரும் தொழிலாளர் அனைவருக்கும், இடையிடையே கிடைக்கும் அவகாசத்தில் உட்கார ஆசன வசதி இருக்கவேண்டும் என்று விதித்தது. எட்டு மணி நேரம் நிற்கும் ஒருவருக்கு வீக்கம் கண்ட முழங்காலோடு உற்பத்தி லைனில் நிலைக்க முடிவதும் முடியாமற் போவதும் அநேக சமயம் இந்த ஒரு வரியைப் பொறுத்தே இருந்தது. ஆனால் அதே சட்டத்தில் அறிவிக்கத்தக்க தொழில்நோய்களைத் தொகுத்த மூன்றாம் அட்டவணையில், ஈய நஞ்சும் நுரையீரலில் படியும் சிலிக்காத் தூசியும் இடம்பெற்றிருக்க, மூட்டுவாதத்துக்கு இடமிருக்கவில்லை. கடைச் சிப்பந்திகளின் நிலை அதனினும் தாழ்ந்திருந்தது. 1947-ஆம் ஆண்டுச் சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அவர்களுக்கு ஓர் இருக்கை கிடைக்க 2021 செப்டம்பர் வரையில் காத்திருக்க நேர்ந்தது. ஜவுளிக்கடைப் பெண்களின் போராட்டத்தால் கேரளம் 2018-இலேயே அவ்வுரிமையை அளித்துவிட்டது. ஒரு மாநிலத்துச் சட்டமன்றமே கூடித் தீர்மானித்த அந்த இருக்கையின் விலை சில நாட் கூலிக்கு மேற்போகாது என்பதை எண்ணும்போது மனம் நோகிறது.

மூட்டு நோய் கண்ட தொழிலாளிக்கு வேலையிடத்தில் செய்துகொடுக்கும் உதவி என்றாலே பெருஞ்செலவு என்ற அபிப்பிராயம் எங்கிருந்து வந்ததோ அறியேன். அமெரிக்காவில் இவ்விஷயமாக முதலாளிகளுக்கு ஆலோசனை கூறும் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் என்ற அமைப்பு ஆண்டுதோறும் அவர்களையே விசாரித்து வருகிறது. செய்துகொடுத்த வசதிகளில் ஏறத்தாழப் பாதிக்குச் சல்லிக்காசும் செலவாகவில்லை என்பதே அவர்கள் சொன்ன விடை. முடக்குவாதம் கண்ட ஒரு பெண்ணின் காலைப் பொழுதை நினைத்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். தூங்கி எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சென்றபின்தான் அந்த விறைப்பு இளகும். ஆறு மணி ஷிஃப்டுக்கு வரவேண்டியவள் மூன்றரை மணிக்கே எழுந்து, வெந்நீரில் கைகளை அமிழ்த்தி, பிறகு சமைத்து, இருட்டிலேயே நெடுஞ்சாலை முனைக்கு வந்து நிற்கிறாள். அவளை இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றுவதற்குப் பேரேட்டில் ஒரு வரியைத் திருத்துவதே போதும். பாக்கிங் மேசையை இரண்டு அங்குலம் உயர்த்துதல், முதுகு சாயும் ஸ்டூல், கால் வைக்க ஒரு பலகை, கைப்பிடி தடித்த கருவி, ஒரே அசைவில் மணிக்கணக்காக நிற்காதபடி வேலையை மாற்றி மாற்றிக் கொடுத்தல் ஆகியவையே மற்ற உதவிகள். மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் நோயை அடக்கும் இக்காலத்தில், ரத்தப் பரிசோதனைக்கும் டாக்டரைப் பார்ப்பதற்கும் அவ்வப்போது தேவைப்படும் அரைநாள் விடுப்பையும் இவற்றோடு சேர்க்கலாம். அவ்விடுப்பு மறுக்கப்படுவதால் மருந்தைக் கைவிட்டு, பின்னர் வேலையையே கைவிடுவோர் உண்டு.

ரோலிங் மில்லில் செக்கச் சிவந்த கம்பியை நீண்ட இடுக்கியால் பற்றி உருளைக்குள் செலுத்துபவருக்கு இவ்வளவு எளிதாக வழி சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அங்கே யந்திரத்தையே மாற்றவேண்டும், அல்லது அவருக்கு வேறு வேலை தரவேண்டும், இரண்டும் செலவுதான்.

வலி கண்ணுக்குத் தெரியாதது என்பதால் நம்பப்படுவதும் இல்லை. 2006-ஆம் ஆண்டில் சிக்குன்குனியாக் காய்ச்சல் தமிழ்நாடெங்கும் பரவி, காய்ச்சல் தணிந்து மாதங்கள் சென்றபின்னும் மூட்டுவலி நீங்காதபோது, சூப்பர்வைசர்களும் மானேஜர்களும் மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தச் சில மாதங்கள் யாரும் யாரையும் சோம்பேறி என்று ஏசவில்லை. அந்த அநுபவம் நிலைத்த ஏற்பாடாக உருப்பெறாமலே மறைந்துபோனது பெரிய நஷ்டம்.

சட்டம் தரும் பாதுகாப்பைப் பார்ப்போம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் முதலாளி கூலியில் 3.25 சதவிகிதமும் தொழிலாளி 0.75 சதவிகிதமும் செலுத்த, நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கூலியில் 70 சதவிகிதம் கிடைக்கும். காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் இது தக்க ஏற்பாடு; ஆயுள் முழுதும் ஏறியும் இறங்கியும் தொடரும் மூட்டுவாதத்துக்கு 91 நாள் எம்மட்டும்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பணியின்போது ஊனமுற்றவரை வேலையை விட்டு நீக்கலாகாது என்று அது அரசு நிறுவனங்களைத் தடுக்கிறது. தனியார் ஆலைக்கு அவ்வளவு கண்டிப்பான தடை இல்லை. இச்சட்டத்தின் பெரும்பான்மைச் சலுகைகளுக்கு 40 சதவிகித ஊனம் உண்டு என்ற சான்று வேண்டும். உதவினால் ஊனமே நேராமல் தடுக்கக்கூடிய தொடக்க நிலையில் இருப்பவர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்.

கும்மிடிப்பூண்டிப் பகுதியின் தனிச் சங்கடம் இதற்கும் அடியில் இருக்கிறது. இங்கே வேலை செய்வோரில் பலர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவராயினும் அக்கம்பக்கத்துக் கிராமத்தவராயினும், கான்ட்ராக்டர் வழியாக வந்தவர்கள். விரல் வீங்கிய ஒருவர் நின்றுவிட்டால் மறுநாள் வேறொருவர் அதே மேசையில் நிற்பார். ஆலையின் கணக்கில் நஷ்டம் ஏதும் தெரியாது. அந்த நஷ்டத்தை அவர் வீட்டாரும், அரசு மருத்துவமனையும், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வரும் மகளும் தாங்குகிறார்கள். பெரம்பூர் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டபோது, தொழிலாளி நிலைத்திருப்பான் என்று எண்ணிக் கணக்குப் போட்ட முறையும் அவற்றோடு போயிற்று. ஆகவே, உதவி செய்தால் முதலாளிக்கே லாபம் என்று மேல்நாட்டு ஆய்வுகளைக் காட்டிப் புதுவாயலில் வாதிப்பது அரைகுறை வாதமாகும். அந்த லாபம் தொழிலாளியைப் பல்லாண்டு வைத்திருப்பவருக்கு மாத்திரமே கிட்டும்.

இதற்கு வழி சட்டத்திலேயே முன்பு காட்டப்பட்டிருக்கிறது. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கான்ட்ராக்டர் உணவகத்தையும் ஓய்வறையையும் அமைக்கத் தவறினால் ஆலைக்காரரே அமைத்து, செலவைக் கான்ட்ராக்டரிடம் வசூலிக்கலாம் என்று வகுத்தது. ஸ்டூலும், மேசையின் உயரமும், ஷிஃப்டு மாற்றமும், மருத்துவத்துக்கான அரைநாளும் அதே முறையில் ஆலைக்காரரின் பொறுப்பாக ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். தொழிற்சாலை ஆய்வாளர் வரும்போது தீயணைப்புக் கருவியைப் பார்ப்பதுபோல் அவற்றையும் பார்க்கவேண்டும்.