ஆஷா என்றால் ஆசை

1998 பிப்ரவரி கடைசி வாரத்தில், பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டின் தலைப்பிலேயே ஆஷா போஸ்லேயின் பெயர் இருந்தது. பாடியவர் அவரில்லை, பாட்டு அவரைப் பற்றியது. 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' என்று பெயர். விளிம்பு வரை ஆஷா நிரம்பியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியில் ஆஷா என்றால் நம்பிக்கை. நம் 'ஆசை'யும் அதே வடமொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பாட்டைப் போட்ட ராக் குழுவின் பெயர் 'கார்னர்ஷாப்'. இங்கிலாந்தில் இந்தியர் என்றால் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் என்று ஒரு கேலி உண்டு. அந்தக் கேலியையே எடுத்துப் பெயராக மாட்டிக்கொண்டார்கள். எழுதிப் பாடிய தஜிந்தர் சிங், வுல்வர்ஹாம்ப்டன் நகரில் பிறந்த பஞ்சாபி. குடியேறியவர்களுக்கு எதிராக 1968-இல் பேசி நாட்டையே பிளந்த ஈனோக் பவல், அந்த ஊர் எம்.பி.தான்! அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பையன்கள் சும்மா இருப்பார்களா? மாரிஸ்ஸி என்ற பிரபல பாடகர் 1992-இல் மேடையில் பிரிட்டிஷ் கொடியைப் போர்த்திக்கொண்டு நின்று சர்ச்சையில் சிக்கினார். கார்னர்ஷாப் குழுவினர் அவருடைய இசைத்தட்டு நிறுவனத்தின் லண்டன் அலுவலக வாசலிலேயே அவர் படத்தைக் கொளுத்தினார்கள்.

இவர்களுடைய தட்டுகளை வெளியிட்டது 'வீஜா' என்ற சின்ன நிறுவனம். பெரிய கம்பெனிகளைச் சாராத இந்த வகை இசையைத்தான் 'இண்டி' என்கிறார்கள். ஒரு ரெக்கார்டு கடையோடு ஒட்டிப் பிறந்த நிறுவனம் அது. அந்தக் கடையின் பின்கோடு எழுத்துகளையே பெயராக வைத்துவிட்டார்கள்.

கோபக்காரப் பையன்கள் என்று பேர் வாங்கியவர்கள் எழுதிய இந்தப் பாட்டில் கோபம் குறைவு, பிரியம் அதிகம். திரையில் வாயசைப்பது ஒருவர், பின்னால் பாடுவது இன்னொருவர் என்ற நம் பின்னணிப் பாடல் வழக்கத்தை ஆங்கிலேயருக்குச் சொல்கிற பாட்டு இது. லதா வருகிறார், முகமது ரஃபி வருகிறார், ஆல் இந்தியா ரேடியோவும் டூ-இன்-ஒன்னும் வருகின்றன. அரசாங்கம் அணை கட்டுவதைப் பற்றிக்கூட ஒரு குத்தல் உண்டு. நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டுதான் பல்லவி. நம் வயதுக்காரர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சாய்ந்துகொள்ள எல்லோருக்கும் ஒரு மார்பு வேண்டும் என்று வரும் இடத்தை அந்த ஊர் இளைஞர்கள் குறும்பாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். வேலை முடிந்து வந்து சினிமாப் பாட்டில் தலை சாய்த்தவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் புரியும்.

1997 ஆகஸ்டில் வெளிவந்தபோது பட்டியலில் 60-ஆம் இடம்தான். (அதே ஆண்டு 'இருவர்' படத்துக்காக ரகுமான் இசையில் ஆஷா தமிழில் பாடியிருந்தார்.) ஆனால் பிபிசி வானொலியின் ஜான் பீல், ஆண்டு முடிவில் நேயர்களிடம் வாக்குக் கேட்டபோது இந்தப் பாட்டுதான் முதலாவதாக வந்தது. பிறகு 'ஃபேட்பாய் ஸ்லிம்' என்ற பெயரில் இயங்கிய நார்மன் குக் இதை எடுத்தார். வேகத்தைக் கூட்டினார், சுருதியை ஏற்றினார், நடனத் தாளம் சேர்த்தார். 60-ஆம் இடத்துப் பாட்டு ஒன்றாம் இடத்துக்கு ஏறி ஒரு வாரம் இருந்தது.

ஆட அதுதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது மெதுவான மூலம்தான். அதில் தஜிந்தர் சிங்கின் குரல் அவசரப்படாமல், பழைய தட்டு ஒன்றைத் துடைத்து வைப்பவர் மாதிரி போகிறது. வேகமான வடிவத்தில் ஆஷா யார் என்று கேட்கக்கூட நேரமில்லை. மறைந்திருந்து பாடியவரைப் பற்றிய பாட்டு, எழுதியவர் குரலை மாற்றிய பிறகுதான் ஊருக்குக் கேட்டது!

மூலத்தைக் கேட்க விரும்புபவர்கள் அதே 1997-இல் வந்த அவர்களுடைய தொகுப்பைத் தேடுங்கள். அதன் கடைசியில் இன்னொன்றும் இருக்கிறது. பீட்டில்ஸ் 1965-இல் சிதார் வைத்துப் பாடிய 'நார்வீஜியன் வுட்' பாட்டை இவர்கள் முழுக்கப் பஞ்சாபியில் பாடியிருக்கிறார்கள்.