ஐந்தருவியும் அனுமானமும்

தென்காசிக்கு அணித்தாகிய குற்றாலத்தில், சாரற் காலத்தே ஐந்தருவி ஐந்து கிளையாய்ப் பிரிந்து வீழும். அடிவாரத்தில் வெயில் எறிப்பினும், நீர் கலங்கிப் பெருகுதல் கண்டோர் மலைமேல் மழை பெய்தது எனத் துணிவர். காரியங்கொண்டு காரணம் உணரும் இவ்வனுமானத்திற்கு ஆற்றுப்பெருக்கையே எடுத்துக்காட்டாகக் கூறினார், நியாய சூத்திரத்திற்குப் பாடியஞ் செய்த வாற்சியாயனர்.

அந்நூலிலேயே இதற்குத் தடையும் எழுப்பப்பட்டுள்ளது. ஆற்றை அடைத்தவிடத்தும் நீர் உயருமன்றோ. பெருக்கு மழைக்கு ஏதுவாமாறு யாங்ஙனம் என்பது. பெருக்கு மாத்திரையே ஏதுவன்று. விரைவும், நுரையும், மிதந்துவரும் இலை பழம் கட்டைகளும் கூடிய பெருக்கே ஏது என்பது பாடியகாரர் விடை. பிற காரணங்களை விலக்கிப் பின்னரே துணியும் இந்நெறி இக்கால விஞ்ஞானிகள் கைக்கொள்வதற்கு மிக அணித்து. எனினும் கருவிகொண்டு அளத்தலும் சோதனை நிகழ்த்தலும் விஞ்ஞானம் கூட்டியவை, அக்கூட்டுச் சிறிதன்று. விஞ்ஞானம் முழுதும் நம் நூல்களில் முன்னரே அடங்கிற்று என்பாருமுளர். அவ்வுரையால் நூல்களுக்குப் பெருமை விளையாது.

சைவ சித்தாந்தம் தருக்கத்தை ஒதுக்கிற்றில்லை. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் சுபக்கத்தின் முகத்தே அளவையை வைத்து, பத்தென விரிப்பனவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். ஐந்தருவி வீழும் அம்மலைத்தொடரின் அடிவாரத்திலேயே, பாவநாசத்திற்கு அருகிலுள்ள விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து, 1785இல் சிவனடி எய்திய சிவஞான முனிவர், மாபாடியம் வகுத்ததோடு அமையாது, அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகத்தையும் அதன் தீபிகையையும் தமிழிற் பெயர்த்துதவினார்.

தோன்றி நின்று ஒடுங்கும் உலகங்கொண்டு முதல்வனைத் துணியும் சிவஞானபோத முதற் சூத்திரமும் காரியத்தாற் காரணம் உணர்தலேயாம். இவ்வகை அனுமானத்திற்கு வலிய தடை நிகழ்த்தியவர், முனிவர் காலத்தே ஸ்காத்துலாந்தில் வாழ்ந்த டேவிட் ஹியூம் என்பார். அவர் இறந்தபின் 1779இல் வெளிவந்த உரையாடல் நூலின்கண், வீடு கண்டு தச்சனை உணர்தல் வீடுகள் கட்டப்படுதலைப் பலகாற் கண்டமையாலாம். உலகம் ஆக்கப்படுதலைக் கண்டார் யாவர் என்னும் வினா எழுப்பப்படுகின்றது. இதனை நாத்திகவுரை எனச் சைவர் தள்ளிவிடுதல் அழகன்று. மலையேறினார் மழையைக் கண்ணாற் காண்பர். முதல்வனை அங்ஙனங் காட்டுதல் இயலாது. சித்தாந்தம் கருதலோடு நில்லாது உரையளவையாகிய ஆகமத்தையும் உடன்கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது. விஞ்ஞானம் உரையளவையை ஏலாது. ஆகலின், கருதல்காறும் ஒருங்கு சென்ற இரண்டும் ஆண்டுப் பிரிகின்றன.

கருவிகளால் அளந்தவழி முதல்வன் அகப்பட்டிலன் என விஞ்ஞானி கூறின், சைவர் அதனை மறுக்கவேண்டுவதில்லை. பாச ஞானத்தாற் பதி அறியப்படான் என்பது சிவஞானபோத ஒன்பதாஞ் சூத்திரத்திலேயே முடிந்த பொருள்.