பெருஞ்சில்லா, சிறுசில்லா? வான்படக் கருவிகளில் உணரிச் சில்லின் அளவு: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வான்படக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர், உணரிச் சில்லுகள் காலந்தோறும் பெரிதாகி வந்தன என ஒரே நேர்கோட்டில் சொல்லிச் செல்வதுண்டு. சான்றுகள் இக்கூற்றுக்கு இடந்தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தகட்டிலிருந்து சில்லுக்கு

1887-இல் பாரிசில் கூடிய மாநாடு முழு வானையும் படமெடுக்கத் திட்டமிட்டது. ஐதராபாத் நிசாமியா வான்நோக்ககமும் பின்னர் இதில் இணைந்தது. 16 செ.மீ. பக்கமுள்ள ஒவ்வொரு கண்ணாடித் தகடும் இரண்டு பாகைக்கு இரண்டு பாகை வானத்தைக் கொண்டது. ஒரு தகட்டின் மூலை மற்றொன்றின் நடுவில் அமையுமாறு வானம் பங்கிடப்பட்டது. துண்டுகளை இணைத்து முழுமை காணும் முறை மின்னணுவியலுக்கு முந்தியது என்பதை இது காட்டும்.

தகடு தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கையே பதிவுசெய்தது. சிசிடி பாதிக்கு மேல் பதிவுசெய்தது. ஆனால் பரப்பு சுருங்கியது. காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் முதன்மைக் குவியத்தில் பின்னர்ப் பொருத்தப்பட்ட, 1024×1024 படப்புள்ளிகள் கொண்ட சில்லின் பக்கம் 2.5 செ.மீ. மட்டுமே. அதில் அடங்கிய வானம் ஏறத்தாழ 11 கலை. முழுநிலவின் குறுக்களவில் மூன்றிலொரு பங்கு. சில்லுகளை அடுக்குவதே வழியாயிற்று.

அளவை முடிவுசெய்தவை

சிலிக்கான் வட்டில் ஒரு பழுது விழுந்தால் அதைத் தாங்கிய சில்லு முழுவதும் கழிக்கப்படும். சில்லு பெரிதானால் கழிவும் பெருகும். கோவில்பட்டி வட்டாரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒரே தாளில் பல தீப்பெட்டி லேபிள்கள் அச்சாகும்போது, கறை விழுந்த லேபிள் மட்டுமே வீணாகும். மறுபுறம், சில்லு சிறிதானால் இடைவெளிகளும் கம்பிகளும் மிகும். இடைவெளியில் விழும் விண்மீன் அப்படத்தில் பதிவாகாது.

ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவான இரு கருவிகள் இவ்வாதத்திற்குத் தலையாய சான்று. பாலோமரில் 2018-இல் பணி தொடங்கிய இசட்.டி.எஃப். கருவி, 9 செ.மீ. பக்கமுள்ள 16 சில்லுகளால் 47 சதுரப் பாகையை நிரப்பியது. சிலியின் ரூபின் வான்நோக்ககமோ 4 செ.மீ. சில்லுகள் 189-ஐத் தேர்ந்தது. காரணம் வெறும் சிக்கனமன்று. ரூபினின் ஒளிக்கற்றை மிக அகன்று குவிவதால், சில்லின் பரப்பு சில மைக்ரோமீட்டர் பிசகினாலும் படம் மங்கும். பெரிய சில்லைத் தட்டையாக வைத்திருப்பது அரிது. மேலும் சில்லுக்கு 16 வீதம் 3,024 வாயில்கள் வழியாக இரண்டே விநாடிகளில் படம் வெளியேற வேண்டியிருந்தது.

பழுதுக்கும் இதில் இடமுண்டு. சிலியிலேயே 2012-இல் 62 அறிவியல் சில்லுகளோடு தொடங்கிய டார்க் எனர்ஜி கேமரா, ஓராண்டளவில் இரண்டை இழந்தது. மற்ற அறுபதும் வானளவைத் தொடர்ந்தன.