பிளாக்ஜாக் ஆட்டத்தில் தொடக்கநிலையாளருக்கான அடிப்படை உத்தி: ஒரு வரலாற்று நோக்கு

பிளாக்ஜாக் ஆட்டத்தைப் புதிதாகக் கற்பவர் கையில் இன்று முதலில் தரப்படுவது ஒரு சிறு அட்டவணையாகும். தம்மிடமுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகையும், சீட்டுப் போடும் டீலர் திறந்து வைத்துள்ள ஒற்றைச் சீட்டும் தெரிந்தால் அடுத்துச் செய்ய வேண்டியதை அது சொல்லிவிடும். ‘அடிப்படை உத்தி’ எனப்படும் இவ்வட்டவணை கணக்கீட்டில் பிறந்தது. அதனால் பயனடைந்தவர் யார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வாட்டத்தின் பழைய பெயர் ‘இருபத்தொன்று’. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸ் 1613இல் வெளியிட்ட கதைத் தொகுதியிலேயே அப்பெயருடைய சீட்டாட்டம் இடம்பெறுகிறது. 21ஐத் தாண்டாமல் டீலரைவிட மிகுந்த தொகை பெறுவதே இலக்கு. படச்சீட்டு ஒவ்வொன்றும் 10. ஏஸ் 1 அல்லது 11. ஆட்டக்காரர் விரும்பும் வரை சீட்டு வாங்கலாம். டீலருக்கு அவ்வுரிமை இல்லை: 16 வரை வாங்கியே ஆக வேண்டும், 17இல் நிறுத்தியே ஆக வேண்டும். ஆட்டக்காரர் முதலில் 21ஐத் தாண்டிவிட்டால், பின்னர் டீலரும் தாண்டினாலும் பந்தயப் பணம் திரும்பாது. சூதாட்ட விடுதியின் ஆதாயத்திற்கு இதுவே ஊற்று. எனினும், டீலரின் கை விதியால் கட்டப்பட்டிருந்ததே ஆட்டத்தைக் கணக்கிற்கு உட்படுத்தியது.

மேரிலாந்து மாநிலத்தின் அபெர்டீன் இராணுவத் தளத்தில் பணியாற்றிய பால்ட்வின், கேன்ட்டி, மைசல், மெக்டெர்மட் ஆகிய நால்வர் மேசைக் கணக்குப் பொறிகளைக் கொண்டு இக்கணக்கைச் செய்து, 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் கழக இதழில் வெளியிட்டனர். அவர்களது உத்தியின்படி ஆடுபவரின் சராசரி இழப்பு பந்தயத்தில் 0.62 விழுக்காடு மட்டுமே. டீலரைப் பின்பற்றி ஆடினால் அது 5 விழுக்காட்டையும் தாண்டும். கையில் 13 இருக்க, டீலர் 6ஐக் காட்டினால் நிறுத்த வேண்டும். 16 இருக்க, டீலர் 10ஐக் காட்டினால் வாங்க வேண்டும். இரண்டாவது விதி புதியவரின் அச்சத்திற்கு நேர்மாறானது.

எட்வர்ட் தார்ப் 1958இல் இவ்வுத்தியைச் சிறு அட்டையில் எழுதிக்கொண்டு லாஸ் வேகாஸில் ஆடி, 10 டாலரில் 8.50 டாலரை இழந்தார். பின்னர் ஐபிஎம் 704 கணிப்பொறியின் துணையுடன், எஞ்சிய சீட்டுகளைக் கணித்து ஆடினால் விடுதியையே வெல்ல இயலும் என்று நிறுவினார். அவரது நூல் 1962இல் வெளிவந்தது. ஆய்வாளர் கவனம் பெரும்பாலும் தார்ப்பிடமே நின்றுவிடுகிறது. புதியவர் கையிலிருப்பதோ நால்வர் வகுத்த, பின்னர்த் திருத்தம் பெற்ற அட்டவணையே.

அஞ்சிய லாஸ் வேகாஸ் விடுதிகள் 1964 ஏப்ரலில் பந்தயத்தை இரட்டிப்பதையும் ஏஸ் இணையைப் பிரிப்பதையும் கட்டுப்படுத்தின. ஆட்டக்காரர்கள் விலகவே, சில வாரங்களில் பழைய விதிகள் மீண்டன. வெல்லலாம் என்னும் நம்பிக்கையோடு வந்தோருள் சீட்டுகளைக் கணிக்கும் பொறுமை உடையோர் சிலரே. எஞ்சியோரின் அரைகுறைப் பயிற்சி விடுதிகளுக்கு ஆதாயமாயிற்று எனக் கொள்ளலாம். விடுதிக் கடைகளே இன்று அவ்வட்டவணையை அட்டையாக விற்பது இக்கருத்திற்கு அரண் செய்கிறது.

இந்நூற்றாண்டில் பரவிய ஒரு மாற்றம் மேலும் நுட்பமானது. முதலிரு சீட்டுகளிலேயே 21 பெற்றவருக்கு 10 டாலர் பந்தயத்திற்கு 15 டாலர் வழங்குவது மரபு. பல மேசைகளில் அது 12 டாலராகக் குறைக்கப்பட்டது. ஏறத்தாழ 21 ஆட்டங்களுக்கு ஒருமுறை இக்கை அமைவதால், விடுதியின் பங்கு 1.4 விழுக்காடு அளவிற்கு உயர்கிறது. நால்வர் கணித்த இழப்பைப் போல இது இரு மடங்கிற்கும் மேல். அட்டவணையிலோ இதனால் மாற்றம் ஏதும் இல்லை எனலாம். எப்போது வாங்குவது, எப்போது நிறுத்துவது என்பதையே அது கூறும். எந்த மேசையில் அமர்வது என்பதற்கு அதில் கட்டம் இல்லை.