உங்களுடைய விதானையார் யார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் தரைவழியாக வருபவர் முகமாலை, எழுதுமட்டுவாள், மிருசுவில் ஆகிய ஊர்களைக் கடந்து கொடிகாமத்தை அடைகிறார். கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதி இங்கேதான் பிரிகின்றது. தெற்கே கச்சாய்க் கடற்கரைக்கு இன்னொரு வீதி இறங்குகின்றது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய புகையிரதம் 1905இல் கொழும்புடன் இணைந்தபோது கொடிகாமமும் அந்தப் பாதையில் ஒரு தரிப்பிடமாயிற்று. தேங்காய், மாம்பழம், பலாப்பழம் என்று தென்மராட்சியின் விளைச்சல் எல்லாம் வந்து குவியும் சந்தை இவ்வூருக்குப் பெயர் தேடிக் கொடுத்தது. குடாநாட்டுக்குள் வருபவரும் அதைவிட்டுப் போகின்றவரும் கடக்க வேண்டிய இடம் என்பதால், மனிதரை ‘உள்ளூரான்’ என்றும் ‘வெளியாள்’ என்றும் பிரித்த வரலாற்றை இங்கிருந்து பார்ப்பது பொருத்தமானது.

அந்தப் பிரிப்பு பெரும்பாலும் பிரகடனங்களால் நடக்கவில்லை. ஒரு மேசையும் பதிவேடும் அதன் பின்னால் ஓர் உத்தியோகத்தரும் போதுமாயிருந்தனர். கிராமத் தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்தார். பின்னர் அவர் கிராம உத்தியோகத்தர் ஆனார். ஆனால் யாழ்ப்பாணத்துச் சனங்களுக்கு அவர் இன்றும் ‘விதானையார்’தான். மாவட்டச் செயலகம் அவர்களுக்கு இன்றும் ‘கச்சேரி’தான். பிறப்புப் பதிவு தொடங்கி நிவாரணம், அடையாள அட்டை, பாடசாலை அனுமதி, மின்சார இணைப்பு வரை எந்தக் காரியமானாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றே: உங்களுடைய விதானையார் யார்? இதற்கு விடை சொல்ல முடியாதவன் பிறந்த மண்ணிலேயே அந்நியனாகிறான்.

வட புலத்து முஸ்லிம்களுக்கு இந்த அனுபவம் 1990இல் தொடங்கியதல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காணிகளுக்கும் ஆட்களுக்கும் தோம்பு எழுதினார்கள். யாருக்கு எந்தக் காணி, எந்தச் சாதிக்கு என்ன ஊழியம், எவ்வளவு வரி என்பதெல்லாம் அதில் ஏறின. அந்த ஆட்சியின் கணக்கில் சோனகரும் செட்டிகளும் பிறதேசத்தார். தலைமுறை தலைமுறையாக இந்நாட்டில் வாழ்ந்திருந்தாலும், இங்கே தங்கியிருக்கும் சலுகைக்குப் பதிலாக ஆண்டில் குறித்த காலம் கூலியின்றி ஊழியம் செய்ய வேண்டும். இல்லையேல் அதற்குரிய பணத்தைக் கட்ட வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கப் பத்தாண்டுகளில்தான் இந்தச் சுமை நீங்கியது. இங்கேயே பிறந்து இங்கேயே மையத்தானவர்களை ‘வந்தவர்கள்’ என்று ஒரு பேரேடு பல பத்தாண்டுகள் எழுதி வைத்திருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இரண்டாவது அனுபவம் சுதந்திரத்தோடு வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இந்நாட்டவர் என்பதற்குத் தகப்பனின் அல்லது பாட்டன், பூட்டனின் பிறப்பிடத்தைச் சான்றாகக் கேட்டது. மலையகத் தொழிலாளர் மீது விழுந்த அடியாகவே இச்சட்டத்தை நாம் பெரும்பாலும் பேசுகிறோம். அது நியாயமானதே. ஆனால் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து வந்து இலங்கையின் பட்டினங்களிற் கடை வைத்திருந்த முஸ்லிம் வணிகர்களும் இதில் அகப்பட்டனர். 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ‘இந்தியச் சோனகர்’ என்று எழுதப்பட்டோர் 35 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரையே தவணை. விண்ணப்பித்தவர்களிற் பெரும்பாலானோர் நிராகரிக்கப்பட்டனர். பாட்டன் காலத்துக் கடையில் இருந்துகொண்டே, தற்காலிக வதிவிட அனுமதிக்காகக் கொழும்புக் கந்தோருக்கு நடக்கும் வாழ்வு பலருக்கு வாய்த்தது. சிறுகச் சிறுக அவர்கள் கடைகளை விற்றுக் கரை திரும்பினர்.

மூன்றாவது அனுபவத்துக்கு ஆணையிட்டது அரசாங்கமன்று. 1990 ஒக்டோபர் 15இல் சாவகச்சேரியில் வாழ்ந்த முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அடுத்தடுத்த நாட்களில் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதிகளென்று ஆணை பரவியது. ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகுமாறு பணிக்கப்பட்டனர். ஐந்து மாவட்டங்களிலுமாக வெளியேற்றப்பட்டோர் ஏறக்குறைய 75 ஆயிரம் பேர். நகையும் பணமும் பறிக்கப்பட்டதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், நிக்காஹ் பதிவு, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளப் பலருக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்பது அதே அளவுக்கு எழுதப்படவில்லை. நகை போனால் உழைத்து வாங்கலாம். அடுத்த இருபது ஆண்டுகளும் இவர்களை அலைக்கழித்தது இந்தத் தாள்கள் இல்லாமையே.

புத்தளம் மக்கள் வந்தவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தார்கள். அந்த நன்றிக்கடன் தீராதது. ஆனால் நிருவாகம் இவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியாமல் தடுமாறியது. புத்தளத்தில் இவர்கள் அகதிகள். நிவாரண அட்டை வைத்திருப்பவர்கள். வாக்கோ வடக்கில். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கும் ஆண்டுகளுக்கே முதலாம் வகுப்பு அனுமதியிற் புள்ளி கிடைக்கும். எனவே இங்கே பதிந்தாற் பிள்ளைக்கு நன்மை. ஆனால் இங்கே பதிந்தால் வடக்கின் பதிவு போய்விடும். அதோடு ஊர் திரும்பும் உரிமையும் மங்கிவிடும் என்ற அச்சம். பல்கலைக்கழக அனுமதி மாவட்ட அடிப்படையிலானது. எனவே தமது பிள்ளைகளின் இடங்களை அகதிப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள் என்ற மனத்தாங்கல் உள்ளூராரிடமும் எழுந்தது. அதை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. போதாத வளத்தை இரு சாராருக்கிடையே பங்குபோடச் சொன்ன முறையே அதற்குக் காரணம்.

இனி மீண்டும் கொடிகாமத்துக்கு வருவோம். யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட அதே நாளில், சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30இல், இராணுவம் நெருங்கிவர வலிகாமத்துத் தமிழ் மக்கள் புலிகளின் அறிவிப்பின்பேரில் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பக்கமாக நடந்தார்கள். சாவகச்சேரி, கொடிகாமம் முதலிய ஊர்களின் பாடசாலைகளும் கோயில்களும் தென்னந்தோப்புகளும் அவர்களால் நிரம்பின. பக்கத்துப் பிரிவிலிருந்து வந்தவரும் அங்கே ‘இடம்பெயர்ந்தவர்’ ஆனார். நிவாரணத்துக்குத் தமது பகுதி விதானையார் எந்த மரத்தடியில் இருக்கிறார் என்று தேடவேண்டியதாயிற்று. அங்கிருந்து கிளாலிக் கடலேரியைத் தாண்டி வன்னிக்குப் போனவர்கள் பலர். 1996 ஏப்ரலில் தென்மராட்சி இராணுவத்தின் வசமானபோது ஏனையோர் வலிகாமம் திரும்பினர். இதைச் சொல்வது ஒரு துயரத்தை இன்னொரு துயரத்தால் ஈடுகட்டுவதற்கன்று. 1990இல் அயலவர் நடந்த பாதையின் வெம்மையை இவர்களின் பாதங்களும் அறிந்தன. பின்னாளில் இரு சமூகத்தாரும் மனம்விட்டுப் பேச நேர்ந்தபோது இந்த அறிவு உதவியது.

அக்காலத்தில் வடக்கைவிட்டு வெளியேற விரும்பியவருக்குப் புலிகளின் ‘பாஸ்’ வேண்டும். வயதைப் பொறுத்துக் கட்டுப்பாடு. திரும்பி வருவார் என்பதற்கு ஆள் பிணை. அதைத் தாண்டி வவுனியாவுக்கு வந்தால் அங்கே பாதுகாப்புத் தரப்பினரின் இன்னொரு ‘பாஸ்’. ஒரு நாளைக்கு, ஒரு கிழமைக்கு, ஒரு மாதத்துக்கு எனப் பல வகை. சிதம்பரபுரம் முகாமில் இருந்த ஓர் அகதி 2002இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நாட்டுக்குள் நடமாடும் சுதந்திரம் அரசியலமைப்பு தந்த உரிமை என்றும், இந்த ‘பாஸ்’ முறை அதை மீறுகிறது என்றும் நீதிமன்றம் கண்டது. ஆயினும் 2007 யூன் 7இல் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறுக்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். தலைநகரில் இருப்பதற்குத் தகுந்த காரணம் காட்டவில்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த புத்தளத்து அகதி ஒருவருக்கு ஒஸ்மானியா மைதானம் நினைவுக்கு வந்திருக்காதா?

2002 ஏப்ரல் 8இல் ஏ-9 வீதி திறந்தது. முகமாலையில் இரு தரப்பினரும் சோதனைச் சாவடி வைத்தார்கள். ஒரே பயணத்தில் இரண்டு ‘எல்லைகள்’, இரண்டு படிவங்கள், பொருட்களுக்குப் புலிகளின் வரி. அதே மாதத்தில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் முஸ்லிம்களின் வெளியேற்றத்துக்காக அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். சிலர் ஊரைப் பார்க்கப் போனார்கள். 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் மீண்டும் போர் மூண்டு வீதி மூடப்பட்டது. குடாநாட்டிலிருந்து வெளியேற இராணுவத்தின் அனுமதியும் கப்பலும் வானூர்தியுமே கதி என்றாயிற்று.

2009 மே மாதத்தில் போர் ஓய்ந்தது. மீள்குடியேற்றம் என்ற சொல் எங்கும் ஒலித்தது. அப்போது அகதிகளுக்குள்ளேயே ‘பழைய அகதி’, ‘புதிய அகதி’ என்று வகை பிரிந்தது. மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களுக்கு முதலிடம் தரப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் 1990இன் அகதிகள் பட்டியலின் அடியிலேயே தங்கிவிட்டனர். 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாகத் திரும்பினார்கள். காணியோ அதே இரண்டு பரப்பு. வீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தால், நிரந்தரமாக வந்து தங்கினாற்றான் பதியலாம் என்று பதில். தங்குவதற்கு வீடு இல்லை. வீடு தருவதற்குத் தங்கியிருக்க வேண்டும். புத்தளத்தில் படிக்கும் பிள்ளையை ஆண்டின் நடுவில் எங்கே சேர்ப்பது? வாப்பா ஊரில் கூடாரத்தில், உம்மாவும் பிள்ளைகளும் புத்தளத்தில் என்று குடும்பங்கள் பிரிந்து வாழ்ந்தன. இதைக் கண்ட உத்தியோகத்தர்கள், இவர்கள் உண்மையாகத் திரும்பவில்லை, நிவாரணத்துக்காகவே வந்து போகிறார்கள் என்று எழுதினார்கள்.

இதே மேசைக்கு முன்னால் இன்னொருவரும் நின்றார். கனடாவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வந்த கொடிகாமத்துத் தமிழர் அவர். தாயின் மரணப் பத்திரம், காணியின் பெயர் மாற்றம், அற்றோணித் தத்துவம் என்று கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நொத்தாரிசிடமும் அலைந்தவர். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவுடன் இலங்கைக் குடியுரிமை போய்விடும் என்பது சட்டம். இரட்டைக் குடியுரிமைக்கு 1987இல் வழி திறந்தது. இடையிற் சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டு 2015இல் மீண்டும் தொடங்கியது. 2014இன் காணிச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தியது. 2014 ஒக்டோபரில் கால் நூற்றாண்டின் பின் யாழ்தேவி கொடிகாமத்தைக் கடந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அதே மாதத்தில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதி திரும்பி வந்தது. பிறந்த வீட்டுக்குப் போக வந்தவர்கள் ஓமந்தையில் கடவுச்சீட்டை நீட்டி அனுமதிக் கடிதத்தைக் காட்ட வேண்டியிருந்தது. 2015 சனவரியில் அந்த விதி நீங்கியது.

புத்தளத்திலிருந்து வந்த முஸ்லிமும் ரொறன்ரோவிலிருந்து வந்த தமிழரும் ஒரே அலுவலகத்தின் வாங்கில் அமர்ந்திருந்தால், இருவரிடமும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவருக்கு இன்னொரு நாட்டின் கடவுச்சீட்டு இருக்கிறது. இவருக்கு உள்ள ஒரே நாடு இதுதான். அதற்குள்ளேயே இவர் வெளியாள்.

சட்டம் சில இடங்களில் இந்த அநீதியை உணர்ந்தது. 1871இன் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பத்தாண்டுகள் தடையின்றி அனுபவித்தவர் காணிக்கு உரிமை கோரலாம். துப்பாக்கி முனையில் போனவரின் காணிக்கும் இதே கணக்கா? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், பயங்கரவாதத்தின் காரணமாக நீதிமன்றத்தை நாட முடியாதிருந்தோருக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிடலாகாது என்றது. இடம்பெயர்ந்தோர் தமது பழைய இடத்தில் வாக்காளராகப் பதிவதற்கு 2017இல் ஒரு விசேட சட்டம் வந்தது. இரண்டும் நல்லவை, ஆனால் மிகத் தாமதமானவை. இச்சட்டங்களின் பயனைப் பெறவும் ஒருவர் கையில் தாள் இருக்கவேண்டும்: பழைய உறுதி, வரி கட்டிய பற்றுச்சீட்டு, 1990க்கு முந்திய இடாப்பின் பிரதி.

எமது எழுத்தாளர்கள் வெளியேற்றத்தின் கண்ணீரைக் கவிதையாகவும் கதையாகவும் நிறையவே தந்திருக்கிறார்கள். அலுவலக வாங்கில் கழிந்த காலம் இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுத ஆதாரங்கள் வீடுகளில் இருக்கின்றன: மங்கிப்போன நிவாரண அட்டை, ‘பாஸ்’ துண்டு, பிரதேச செயலகத்தின் பதிற் கடிதம், அகதிப் பாடசாலையின் விடுகைப் பத்திரம். 1990இல் குடும்பத் தலைவர்களாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக எம்மை விட்டுப் போகிறார்கள். அவர்களது றங்குப் பெட்டிகளில் உள்ளவற்றைப் பள்ளிவாசல் நிருவாகங்களும் பாடசாலை நூலகங்களும் படியெடுத்துச் சேமிக்க வேண்டும். தமிழ் அயலவரிடமும் இத்தகைய தாள்கள் உண்டு. அவற்றையும் கேட்டு வாங்கிப் பக்கத்திலே வைக்க வேண்டும். வழக்குக்கும் உதவும், வரலாற்றுக்கும் உதவும். காணி வழக்குகள் இன்னும் முடியவில்லை. எனவே இந்த வேலையை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைக்க முடியாது.