வீட்டுச் சேமிப்பு வழங்கியும் கோப்பு ஒத்திசைவும்: ஒரு வரலாறு

ஒரே கோப்பு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகளில் இருக்கும்போது, ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடங்களுக்கும் தானாகவே வந்து சேரும்படி செய்வது கோப்பு ஒத்திசைவு எனப்படும். வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக வலையமைப்பில் இணைத்து வைக்கப்படும் வன்தட்டுப் பெட்டி, வலையமைப்புச் சேமிப்பு வழங்கி ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நாஸ்’ என்றே இதைக் கடைகளில் சொல்கிறார்கள். இவை இரண்டும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. இன்று ஒரே பெட்டிக்குள் குடியிருக்கின்றன.

பகிர்வும் ஒத்திசைவும்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்எஃப்எஸ், தொலைவிலுள்ள கணினியின் கோப்பைத் தன் கணினியில் இருப்பது போலவே திறந்து பார்க்க வழி செய்தது. ஆனால் இது பகிர்வு மட்டுமே. கோப்பு ஒன்றுதான், அது வழங்கியில் இருக்கிறது. கம்பி அறுந்தால் கோப்பும் கைக்கு எட்டாது.

இந்தக் குறையை முதலில் ஆழமாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் மகாதேவ் சத்யநாராயணன். சென்னை ஐஐடியில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அங்கே 1987-இல் அவர் தலைமையில் ‘கோடா’ என்னும் கோப்பு முறைமை உருவாகத் தொடங்கியது. வலையமைப்பு இல்லாதபோதும் பயனர் வேலையைத் தொடர வேண்டும், இணைப்பு திரும்பியதும் மாற்றங்கள் வழங்கியில் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். மடிக்கணினிகள் பரவலாகாத காலத்திலேயே இப்படி யோசித்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஆர்சிங்க் செய்த கணக்கு

ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் இருந்தார். விண்டோஸ் கணினிகளும் யூனிக்ஸ் கணினிகளும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் ‘சாம்பா’ மென்பொருளை 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியவர் அவரே. இன்றைய நாஸ் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் சாம்பா இருக்கிறது. 1996-இல் அவரும் பால் மேக்கரஸும் சேர்ந்து ‘ஆர்சிங்க்’ என்ற கருவியை வெளியிட்டனர். ஒத்திசைவு வரலாற்றில் இதைவிட அழகான சிந்தனை வேறில்லை என்பது என் கருத்து. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

மெதுவான இணைப்பின் இரு முனைகளிலும் ஒரு கோப்பின் இரண்டு படிகள் உள்ளன. இங்கே உள்ளது புதியது, அங்கே உள்ளது பழையது. வேறுபாட்டை மட்டும் அனுப்ப வேண்டும். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வழியில்லை. அதற்கே முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டியிருக்கும். பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு அனுப்பினால் போதாதா? போதாது. புதிய கோப்பின் தொடக்கத்தில் ஒரேயொரு எழுத்தைச் செருகினாலும் பின்னால் உள்ள எல்லாமே ஓரிடம் நகர்ந்துவிடும். ஒரு துண்டும் பொருந்தாது.

எனவே புதிய கோப்பை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி நகர்த்தித் தேட வேண்டும். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் எண்ணை முதலிலிருந்து கணக்கிட்டால் கணினி திணறிப்போகும். இங்கேதான் ‘உருளும்’ சரிபார்ப்பு எண் உதவுகிறது. மாணவர்கள் இதை மதிப்பெண் பதிவேட்டைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். 1 முதல் 40 வரையுள்ள வரிசை எண்களின் மதிப்பெண் கூட்டுத்தொகை கையில் இருக்கிறது. 2 முதல் 41 வரை வேண்டுமென்றால் மறுபடி எல்லாவற்றையும் கூட்ட வேண்டியதில்லை. முதல் மாணவரின் மதிப்பெண்ணைக் கழித்து, 41-ஆம் மாணவருடையதைச் சேர்த்தால் போதும். ஆர்சிங்க் செய்வதும் ஏறத்தாழ இதுவே. இந்த எளிய எண் பொருந்தினால் மட்டும், இன்னும் வலுவான ஓர் எண்ணைக் கணக்கிட்டு உறுதி செய்துகொள்ளும்; தொடக்கத்தில் அது எம்டி4 ஆக இருந்தது. பொருந்தாத பகுதிகள் மட்டுமே கம்பி வழியே போகும். டிரிட்ஜெல் 1999-இல் இதையும் உள்ளடக்கிய ஆய்வேட்டை அளித்தார்.

ஆயினும் ஆர்சிங்க் ஒருவழிப் பாதை. இங்கிருந்து அங்கே நகல் எடுக்கும், அவ்வளவே. இருபுறமும் மாற்றம் நடந்தால் என்ன செய்வது? ஒரு கோப்பு மடிக்கணினியில் இருக்கிறது, வழங்கியில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது மடிக்கணினியில் புதிதாக எழுதப்பட்டதா, அல்லது வழங்கியில் நீக்கப்பட்டதா? இரண்டு பக்கங்களையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. சென்ற முறை ஒத்திசைத்தபோது நிலைமை எப்படி இருந்தது என்ற நினைவு வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் பியர்ஸ், எஸ். பாலசுப்ரமணியத்துடன் சேர்ந்து 1998-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஒத்திசைப்பான் என்றால் என்ன என்ற கேள்வியைக் கணித நோக்கில் எடுத்துக்கொண்டது. பியர்ஸின் குழு உருவாக்கிய ‘யூனிசன்’ மென்பொருள் அந்த நினைவைத் தனிப் பதிவாக வைத்துக்கொள்கிறது. பின்னர் வந்த இருவழி ஒத்திசைவு மென்பொருள்களுக்கும் இத்தகைய நினைவு இன்றியமையாததாயிற்று.

பெட்டி வீட்டுக்குள் வந்தது

2004-இல் லிங்க்சிஸ் நிறுவனம் என்எஸ்எல்யூ2 என்ற சிறு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு யூஎஸ்பி துளைகள், ஒரு வலையமைப்புத் துளை, 32 மெகாபைட் நினைவகம். வன்தட்டை நாமே வாங்கிச் செருக வேண்டும். உள்ளே ஓடியது லினக்ஸ். லினக்ஸ் கருவின் பொது உரிமத்தின்படி நிறுவனம் அதன் மூல நிரலை வெளியிட வேண்டியிருந்தது. ஆர்வலர்கள் அதை எடுத்துத் தாங்களே மாற்றி எழுதி, ‘அன்ஸ்லங்’ என்ற பெயரில் புதிய நிலைபொருளை உருவாக்கினர். அதுவரை கோப்புகளைப் பகிர மட்டுமே தெரிந்த பெட்டியில் இப்போது பிற மென்பொருள்களையும் நிறுவ முடிந்தது. விற்ற நிறுவனம் எண்ணிப்பாராத வேலைகளையெல்லாம் வாங்கியவர்கள் அந்தப் பெட்டிக்குக் கொடுத்தார்கள். உரிம ஆவணத்தின் ஒரு பிரிவு நடைமுறையில் என்ன செய்யவல்லது என்பதற்கு இதைவிடச் சிறிய, தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மறுபுறம், பழைய மேசைக் கணினியையே சேமிப்பு வழங்கியாக மாற்றும் முயற்சி நடந்தது. பிரான்சைச் சேர்ந்த ஒலிவியே கோஷார்-லாபே 2005-இல் ‘ஃப்ரீநாஸ்’ திட்டத்தைத் தொடங்கினார். எம்0என்0வால் என்ற தீயரண் மென்பொருளைத்தான் அவர் அடித்தளமாக எடுத்துக்கொண்டார். அதன் கீழே இருந்தது ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம். 2009 வாக்கில் இதை லினக்ஸுக்கு மாற்றலாமா என்ற கேள்வி எழுந்தது. ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் நிறுவனம் திட்டத்தை ஏற்று ஃப்ரீபிஎஸ்டியிலேயே தொடர்ந்தது. வோல்கர் தைலே பிரிந்து சென்று டெபியன் லினக்ஸின் மேல் ‘ஓப்பன்மீடியாவால்ட்’ என்பதை எழுதி 2011-இல் வெளியிட்டார். அதே ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் 2022-இல் டெபியன் அடிப்படையிலான ட்ரூநாஸ் ஸ்கேலை வெளியிட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

2013-உம் அதன் பின்னும்

இதற்கிடையே ட்ரூ ஹூஸ்டனும் அராஷ் ஃபிர்தௌசியும் 2007-இல் தொடங்கிய டிராப்பாக்ஸ், ஒத்திசைவைப் பொதுமக்களின் பழக்கமாக்கியது. அதன் எளிமையை மறுக்க முடியாது. ஆனால் கோப்புகள் நிறுவனத்தின் கணினிகளில் இருந்தன. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள், அமெரிக்க உளவு அமைப்பின் கண்காணிப்பு எவ்வளவு பரந்தது என்பதைக் காட்டின. தம் கோப்புகள் யார் கையில் என்ற கேள்வி, கணினி வல்லுநர்களோடு நிற்காமல் சாதாரண வீடுகளுக்கும் வந்தது.

அதே ஆண்டில் இரண்டு விடைகள் தோன்றின. நடுவில் எந்த வழங்கியும் இன்றிக் கணினிகள் தமக்குள்ளேயே கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் பிட்டொரென்ட் சிங்க் ஒன்று; அதன் மூல நிரல் மூடியிருந்தது. மற்றொன்று, ஸ்வீடனைச் சேர்ந்த யாக்கோப் போரி கோ மொழியில் எழுதி, டிசம்பரில் முதன்முதலாக வெளியிட்ட ‘சிங்க்திங்’. இது கட்டற்ற மென்பொருள். கோப்பைக் குறைந்தது 128 கிபிபைட் அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணைக் கணக்கிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் மறைகுறியாக்கி அனுப்புகிறது. 2019 ஜனவரியில்தான் 1.0 என்ற எண்ணைச் சூடியது.

இதைச் சேமிப்பு வழங்கியில் சேர்ப்பதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. மடிக்கணினியும் திறன்பேசியும் எப்போதும் விழித்திருப்பதில்லை. ஒன்று உறங்கும்போது மற்றொன்று எழுந்தால் இரண்டும் சந்திப்பதே இல்லை. இரவும் பகலும் ஓடும் நாஸ், எல்லோருக்கும் பொதுவான சந்திப்பிடமாகிறது. ஃப்ரீநாஸில் ‘ஜெயில்’ எனப்படும் தடுப்பறைக்குள் இதை நிறுவினார்கள்; இன்றைய பெட்டிகளில் பெரும்பாலும் டாக்கர் கொள்கலனுக்குள் நிறுவுகிறார்கள். தடுப்பறைக்குள் இருக்கும் நிரலுக்கு வெளியே உள்ள கோப்புறை தானாகத் தெரியாது. இணைத்துக் கொடுக்க வேண்டும். சாம்பா வழியாக ஒரு பயனர் எழுதிய கோப்பை வேறொரு பயனர் பெயரில் ஓடும் சிங்க்திங் தொட முடியாமல் நிற்பதும் உண்டு. மேலும், அதன் கட்டுப்பாட்டுப் பக்கம் இயல்பாக அதே கணினியிலிருந்து மட்டுமே திறக்கும். திரையில்லாத நாஸில் அதை வலையமைப்புக்குத் திறந்துவிட வேண்டியிருப்பதால், கடவுச்சொல் வைப்பது கட்டாயம்.

மிகப் பெரிய ஆபத்து வேறு. வழங்கி மறுபடி தொடங்கும்போது வன்தட்டு இணையாமல் போனால், கோப்புறை வெறுமையாகத் தெரியும். நினைவு வைத்துக்கொள்ளும் ஒத்திசைப்பான், எல்லாக் கோப்புகளும் நீக்கப்பட்டன என்று எண்ணி, வீட்டிலுள்ள மற்றக் கருவிகளிலும் அவற்றை நீக்கிவிடக்கூடும். இதைத் தடுக்கவே சிங்க்திங் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ஓர் அடையாளக் குறியை வைக்கிறது. குறியைக் காணவில்லை என்றால் வேலையை நிறுத்திவிடுகிறது. புரியாதவர்கள் இதைத் தேவையற்ற குப்பை என்று அழித்துவிடுவதுண்டு. அழிக்கக் கூடாது.

ஆனால் ஒருவர் தாமே தவறுதலாக நீக்கிய கோப்பை இந்தக் குறி காப்பாற்றாது. நீக்கமும் ஒரு மாற்றமே. அதுவும் ஒழுங்காக எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரும். அதனால் ஒத்திசைவைக் காப்புப்படியாகக் கருத முடியாது. பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் வசதியைச் சிங்க்திங்கில் இயக்கிக்கொள்ளலாம், அல்லது இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் நொடிப்படங்களை நாஸில் எடுத்து வைக்கலாம். இவற்றோடு, எந்தக் கம்பியிலும் இணைக்காத ஒரு வன்தட்டில் தனிப் படியும் இருக்க வேண்டும். 2021 ஜூனில் இணையத்தோடு இணைந்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் பல, வெளியாட்களால் தொலைவிலிருந்தே துடைத்தழிக்கப்பட்டன.

சிங்க்திங்கின் ஆண்ட்ராய்டு செயலியைப் பேணிவந்தவர், அதைக் கைவிடுவதாக 2024 அக்டோபரில் அறிவித்தார். கூகுள் பிளேயில் வெளியிடுவது கடினமாகிவிட்டது என்பதையும், பராமரிப்புக்குப் போதிய உழைப்பு இல்லை என்பதையும் காரணங்களாகச் சொன்னார். டிசம்பரில் கடைசிப் பதிப்பு வந்தது. மூல நிரல் திறந்திருந்ததால், அதிலிருந்து ஏற்கெனவே கிளைத்திருந்த மற்றொரு செயலிக்குப் பயனர்கள் பலர் மாறிக்கொண்டார்கள்.