ரிப்பேட்ரியேஷன்

இலத்தீனில் 'பாத்ரியா' என்றால் தந்தையர் நாடு. முன்னால் நிற்கும் 'ரீ' திரும்புதலைக் குறிக்கும். ஒருவரை அவருடைய சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவது ரிப்பேட்ரியேஷன். போர்க் கைதிகளுக்குப் பொருந்துகிற சொல்தான். இலங்கையின் ஹட்டன், நுவரெலியாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தோட்டத்துச் சனங்களுக்கு?

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

லயத்தில் பிறந்து, தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்து பறித்து வளர்ந்த பெண்கள் கோச்சியில் தலைமன்னார் போய்க் கப்பலேறினார்கள். இராமேஸ்வரத்தில்தான் பலர் முதன்முறையாக இந்திய மண்ணை மிதித்தார்கள். அங்கே அரசுத் தாள்களில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. காணாத ஊருக்கு எப்படித் திரும்புவது? தமிழாக்கியவர்கள் தந்தையைத் தாயாக மாற்றினார்கள். 'திரும்பி' என்ற பொய்யை அப்படியே விட்டுவிட்டார்கள். இவர்களைக் குடியமர்த்தவென்று 1968இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், அக்கம்பக்கத்தார் வாயில் அவர்கள் 'சிலோன்காரர்'தான்.

என்னைக் கேட்டால், 'அனுப்பப்பட்டோர்' என்றே எழுதுவேன்.